கிளுவை வேலியைப் புடுங்கறவங்க போத்தையாவது குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

காங்கேயத்துல இருந்து தாராபுரம் போற பக்கம் எங்க கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சக் காடு. போன மாசம் பக்கத்துக் காட்டுல ஜேசிபி வுட்டு, கிளுவைங்கற முள்ளுமரத்துல போட்ட உயிர்வேலி பூராத்தையும் புடுங்கிட்டு கல்லுக்கால் நட்டு கம்பி இழுத்துட்டாங்க. அவங்க காடு, அவங்க இஷ்டம். ஆனா புடுங்குன கிளுவையை ஒரே குமியாப் போட்டுத் தீ வச்சாங்க பாருங்க, அது மனசு கேக்கல, அந்தக் குமியில இன்னும் நாலு காட்டுக்கு வேலி இருந்துச்சுங்க.

கிளுவை போத்து, அதாவது வெட்டுன கம்பை, நட்டாலே வந்துரும்னு எல்லாத்துக்கும் தெரியும். ஆனா வெட்டுன அன்னைக்கே நட்டு தெனமும் தண்ணி ஊத்துனா அடி அழுகிருது, நான் மொத வருசம் நட்ட 40 போத்துல பாதிக்கு மேல அப்படித்தான் போச்சு. ஆடு மேய்க்கற பெரியவர் ஒருத்தர்தான் "வெட்டுன வாய் காயோணும் சாமி, நெழல்ல நாலஞ்சு நாள் போட்டு வை"ன்னாரு. அடுத்த தடவை இலை கொட்டி நிக்கறப்பவே பெருவிரல் தண்டிக் கம்பா முழ நீளத்துக்கு வெட்டி, காய வச்சு, மழைக்கு முன்னாடி ஒரு சாண் ஆழத்துல ஊனுனேன், நாலு மழை விழுந்ததும் தளுத்துருச்சு. அடி எது நுனி எதுன்னு மட்டும் மாறிரக்கூடாது.

நொச்சி, ஆடாதொடை இன்னும் சுலபமுங்க, ரெண்டையும் ஆடு கடிக்காது. பென்சில் தண்டிக் குச்சி, 3, 4 கணு இருந்தாப் போதும், கணுவுக்குக் கீழ சாய்வா வெட்டி, இலையைக் கிள்ளிட்டு 2 கணு மண்ணுக்குள்ள போற மாதிரி நட்டு நெழல்ல வச்சா ஒன்றரை மாசத்துக்குள்ள வேர் புடிச்சிரும், வேர் புடிக்க வைக்கற பவுடரெல்லாம் வேண்டியதில்ல. வேர் வந்துருச்சான்னு இழுத்து மட்டும் பாக்காதீங்க, புதுவேர் அந்துரும். கோட்டையைக் காக்கறதுக்கே நொச்சித் திணைன்னு பேரு வச்ச தமிழ்ல, இன்னைக்கு நர்சரியில நொச்சி கேட்டா இல்லீங்கறாங்க, குரோட்டன்ஸ்தான் வரிசையா நிக்குது. ஆவாரம் மட்டும் போத்துல லேசுல வராது, அதுக்கு விதைதான்.

ஊரக வேலைத் திட்டத்துல மரக்கன்னு போடற பஞ்சாயத்து நர்சரியில கிளுவை, நொச்சி, ஆடாதொடை மூணுக்கும் ஒரு பாத்தி ஒதுக்கோணும்னு அதிகாரிகளைக் கேட்டுக்கறேன். வேலி எடுக்கறவங்க ரெண்டு நாள் முன்னாடி அக்கம்பக்கத்துல ஒரு வார்த்தை சொல்லிருங்க. எங்க காட்டு வேலியில வர்ற பங்குனியில கவாத்து பண்றோம், வேணுங்கறவங்க அருவாளோட வந்து போத்து வெட்டிக்கிட்டுப் போலாமுங்க.

இப்படிக்கு,
ஒரு கொறங்காட்டு விவசாயி,
காங்கேயம் வட்டாரம்