புல் வெட்டாதவர்கள் எல்லோரும் சோம்பேறிகள் அல்லர்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

இங்கிலாந்தில் கவுன்சில், அதாவது உள்ளூராட்சி மன்றம், வாடகைக்குக் கொடுக்கும் வீடுகளில் வாழும் நம்மவர்கள் வளவைக் காடாக்கி வைத்திருக்கிறார்கள், இப்படியே போனால் வீட்டைப் பறித்துவிடுவார்கள் என்று சென்ற இதழில் ஒருவர் எழுதியிருந்தார். பாதி உண்மைதான். மற்றப் பாதியோ, ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தாலே கலங்கிப்போகும் முதியவர்களை இன்னும் கலங்க வைக்கும் வேலை. எங்கள் தெருவில் அப்படிப்பட்ட கடிதங்களை வாசித்துச் சொல்வது பல வருடங்களாக என் தலையில் விழுந்த பொறுப்பு. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

வளவைப் பராமரிப்பது குடியிருப்பவரின் கடமை. இதில் சந்தேகம் வேண்டாம். வீட்டுச் சொந்தக்காரர் எதைத் திருத்தித் தர வேண்டும் என்று 1985ஆம் ஆண்டின் நில உரிமையாளர், குடியிருப்பாளர் சட்டம் 11ஆம் பிரிவில் சொல்கிறது: கூரை, சுவர், வடிகால், பீலி, தண்ணீர், மின்சாரம், வெப்பமூட்டி. புல்லும் பூச்செடியும் அதில் இல்லை. அவை வாடகை ஒப்பந்தத்தில் இருக்கின்றன. புல்லை வெட்ட வேண்டும், உயிர்வேலியைக் கத்தரிக்க வேண்டும், குப்பை சேர்க்கக்கூடாது, அனுமதியில்லாமல் கொட்டில் போடவோ மரத்தைத் தறிக்கவோ கூடாது என்று பெரும்பாலான கவுன்சில்கள் எழுதி வைத்திருக்கின்றன. பெரிய மரங்களுக்கும் எல்லை வேலிக்கும் யார் பொறுப்பு என்பது ஊருக்கு ஊர் மாறும். எனவே மைத்துனரின் கவுன்சிலில் நடந்ததை வைத்து உங்கள் கவுன்சிலோடு வாதாடாதீர்கள்.

ஆனால் புல் வளர்ந்ததற்காக வீட்டைப் பறித்துவிடுவார்கள் என்பது வெறும் பயமுறுத்தல். நிரந்தர வாடகை உரிமை பெற்ற கவுன்சில் குடியிருப்பாளரை 1985ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டப்படி நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வெளியேற்ற முடியாது. ஒப்பந்தத்தை மீறினார் என்று காட்டினால் மட்டும் போதாது. அவரை வெளியேற்றுவது நியாயமானதுதான் என்று நீதிபதிக்கும் படவேண்டும். உண்மையில் கவனமாக இருக்க வேண்டியவர்கள் புதிதாக வீடு கிடைத்தவர்கள். பல கவுன்சில்கள் முதல் 12 மாதத்தை அறிமுகக் காலமாக வைத்திருக்கின்றன. அந்தக் காலத்தில் கவுன்சில் முறைப்படி வெளியேற்றும் அறிவித்தல் கொடுத்து வழக்குப் போட்டால், நீதிபதிக்கு மறுத்துச் சொல்ல இடம் மிகக் குறைவு. அறிவித்தல் கிடைத்த 14 நாட்களுக்குள் மீளாய்வு கேட்க வேண்டும். பயமுறுத்த வேண்டுமென்றால் கட்டுரையாளர் இதைச் சொல்லியிருக்கலாம்.

என் குறை கவுன்சில்கள் மீதுதான். இந்த வளவுகள் எப்படி வந்தன? முதல் உலகப்போர் முடியும் தறுவாயில், 1918இல் வெளியான டியூடர் வால்டர்ஸ் அறிக்கை என்ற அரசாங்கக் குழுவின் வீடமைப்பு அறிக்கை, நகரங்களில் ஓர் ஏக்கருக்கு 12 வீடுகளுக்கு மேல் கட்டக்கூடாது என்றது. அடுத்த ஆண்டே, கவுன்சில்கள் வீடு கட்ட அரசாங்கம் பண உதவி கொடுக்கும் அடிசன் சட்டம் வந்தது. 1921இல் லண்டன் மாவட்டக் கவுன்சில் டாகனத்தில் பெக்கன்ட்ரி குடியிருப்பைக் கட்டத் தொடங்கியது. நெருக்கமான சேரிகளிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்களுக்கு முன்னும் பின்னும் நிலம் கிடைத்தது. முன்வளவைச் சீராக வைத்திருக்க வேண்டும் என்பது அன்றே விதி. நல்ல தோட்டத்துக்குப் பரிசுப் போட்டிகளும் நடந்தன. உடம்பில் வலுவுள்ள இளம் குடும்பங்களை மனதில் வைத்து அளந்த நிலம் அது. இன்று அதே அளவு நிலத்தில், பிள்ளைகள் மணமுடித்துப் போனபின், மூட்டு வலியோடு ஒரு விதவைத் தாய் தனியாக இருக்கிறார். விதி மட்டும் மாறவில்லை.

எங்கள் தெருவில் இப்படி ஓர் அம்மா. இரண்டு வாரத்துக்குள் உயிர்வேலியை வெட்டு என்று கடிதம் வந்தது. கதவில் தட்டிய ஒருவனுக்கு ஓய்வூதியத்திலிருந்து காசு கொடுத்து வெட்டுவித்தார். வெட்டிய கொப்புகளை அவன் பின் ஒழுங்கையில் கொட்டிவிட்டுப் போய்விட்டான். அடுத்த கடிதம், குப்பை கொட்டியதற்கு. இரண்டு கடிதத்திலும், முதியவர்களுக்குக் கவுன்சிலே புல்லும் வேலியும் வெட்டிக் கொடுக்கும் திட்டம் இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. திட்டம் இருந்தது. நான் தொலைபேசியில் நாற்பது நிமிடம் காத்திருந்து கேட்டபிறகுதான் சொன்னார்கள். இப்படியான திட்டம் பல கவுன்சில்களில் உண்டு. வயது அல்லது இயலாமை, வீட்டில் வேலை செய்யக்கூடிய வேறு ஆள் இல்லாமை, இவைதான் வழக்கமான நிபந்தனைகள். அதை எச்சரிக்கைக் கடிதத்தின் முதல் பந்தியில் அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்? பழுதான குளிர்சாதனப் பெட்டியை முன்வளவில் போட்டு வைத்திருக்கும் வாலிபனுக்கும், குனிய முடியாத பாட்டிக்கும் ஒரே வாசகத்தில் கடிதம் அனுப்புவதைத்தான் நான் எதிர்க்கிறேன். இயலாமை உள்ளவர்களுக்கு நியாயமான மாற்றங்கள் செய்ய வேண்டும் என்று 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் வீட்டு உரிமையாளர்களையும் கட்டுப்படுத்துகிறது. கூடுதல் அவகாசம், பெரிய எழுத்துக் கடிதம் போன்றவற்றை அதைச் சொல்லிக் கேட்கலாம்.

நம்மவர்களையும் சும்மா விடமாட்டேன். புல் வெட்டப் பஞ்சிப்பட்டு முன்வளவு முழுவதற்கும் சீமெந்து போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கவுன்சில் அனுமதி ஒரு பக்கம் இருக்க, தண்ணீர் உறிஞ்சாத தளம் 5 சதுர மீட்டருக்கு மேல் போட்டு, மழை நீர் வீதிக்கு ஓடினால் இங்கிலாந்தில் 2008 முதல் திட்ட அனுமதியும் வேண்டும். மே மாதத்தில் வேலியை மொட்டையடிப்பதும் தவறு. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பறவைகள் கூடு கட்டும் காலம், பயன்பாட்டிலுள்ள கூட்டைத் தெரிந்தே கலைப்பது 1981ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரரோடு எல்லை வேலிக்குச் சண்டை பிடிப்பவர்களைப் பற்றி என்ன சொல்வது? ஊரில் வேலிக்குக் கதியால் நட்டுப் பழகிய கை, விடாது போலிருக்கிறது.

அதே நேரத்தில், கோடையில் நம் பின்வளவுகளில் பூசணியும் மிளகாயும் வெந்தயக் கீரையும் விளைவதை, பார்வையிட வரும் கவுன்சில் அதிகாரிகள் தோட்டமென்று ஏற்க வேண்டும். ஒரு வீட்டில் முளைக்கீரைப் பாத்தியைக் களை என்று குறித்துக்கொண்டு போனார் வீடமைப்பு அதிகாரி ஒருவர். அன்று மத்தியானம் அந்தக் களைதான் கடையலாகச் சோற்றோடு இருந்தது.

கடிதம் வந்தால் அதை அலுமாரிக்குள் வைக்காமல், திகதி போட்டுப் பதில் எழுதுங்கள். ஏன் முடியவில்லை, என்ன உதவி வேண்டும், எப்போது முடிக்கலாம் என்ற மூன்றும் இருந்தால் போதும். வைத்தியரின் கடிதம் இருந்தால் இணைத்துவிடுங்கள். ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் கவுன்சில் அசையாவிட்டால் அங்கேயே முறைப்பாடு செய்யலாம். 2024 ஏப்ரல் முதல் கட்டாயமான முறைப்பாட்டு விதிக்கோவையின்படி, முறைப்பாட்டை ஏற்றுக்கொண்டதிலிருந்து முதல் கட்டப் பதில் 10 வேலை நாட்களுக்குள்ளும், இரண்டாம் கட்டப் பதில் 20 வேலை நாட்களுக்குள்ளும் வரவேண்டும். தாமதமானால் காரணம் சொல்ல வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் வீடமைப்புக் குறைகேள் அதிகாரியிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை, சட்டத்தரணியும் தேவையில்லை.

இப்படிக்கு,
ஒரு கவுன்சில் குடியிருப்பாளர்,
தென் லண்டன்.