நிவாரண லாரி கிளம்பும் முன்: தொண்டு நிறுவனங்களுக்கும் தன்னார்வக் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. வெளியூர்களிலிருந்து நீங்கள் கொண்டுவந்த அரிசியையும் தார்ப்பாயையும் வைத்துத்தான் இங்கே பல குடும்பங்கள் அந்த மாதத்தைத் தள்ளின. அந்த நன்றி என்றும் உண்டு. உங்கள் லாரிகள் திரும்பிப் போனபிறகு இங்கே என்ன மிஞ்சுகிறது என்று சொல்லத்தான் இப்போது எழுதுகிறேன்.

தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். புயலுக்குப் பிறகு பெட்டி பெட்டியாக பாட்டில் வரும். குடித்த பாட்டில் எங்கே போகும்? வடிகால் வாய்க்காலுக்குத்தான். அடுத்த மழைக்கு மதகில் அடைத்துக்கொண்டு, வடிய வேண்டிய தண்ணீர் வயலில் நிற்கும். இத்தனைக்கும் பல ஊர்களில் மேல்நிலைத் தொட்டியும் மோட்டாரும் நன்றாகவே இருந்தன; கரண்டுதான் இல்லை. ஜெனரேட்டர் வாடகைக்குப் பிடித்து மோட்டாரை ஓட்டிய இடங்களில் ஊருக்கே தண்ணீர் கிடைத்தது, குப்பையும் சேரவில்லை.

2004 சுனாமிக்குப் பின் நாகை மாவட்டத்தில் நடந்ததும் இதே கதைதான், அளவு மட்டும் பெரிது. யாரும் உடுத்த முடியாத பழந்துணிகள் சாலையோரம் மலையாகக் குவிந்தன. கட்டுமரம் போன இடத்தில் ஃபைபர் படகுகளைக் கணக்கில்லாமல் கொடுத்தார்கள். படகு கூடியது, மீன் கூடவில்லை. குடியிருப்பு கட்ட வந்த ஒப்பந்தக்காரர்கள் சில இடங்களில் முதல் வேலையாக நின்ற மரங்களை வெட்டி, மணல்மேட்டைத் தட்டிச் சமமாக்கினார்கள். கடலைத் தடுக்கும் மேட்டைக் கரைத்துவிட்டு, கடலால் வீடிழந்தவர்களுக்கு அங்கே வீடு! பசுமை அரண் என்று நட்ட சவுக்கும் சில கடற்கரைகளில் ஆமை முட்டையிடும் மணலைப் பிடித்துக்கொண்டது. மரம் நட்டாலே சுற்றுச்சூழலைக் காத்ததாகிவிடாது. எந்த மணலில் கை வைக்கக் கூடாது என்று மீனவப் பஞ்சாயத்தைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

அரசு எல்லாவற்றையும் சரியாகச் செய்தது என்று சொல்ல வரவில்லை. ஆனால் கஜாவில் சாய்ந்த தென்னைக்கு அறிவித்த நிவாரணத்தைப் பாருங்கள்: மரத்துக்கு 600 ரூபாய், அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய். தொகை போதாது, அது வேறு பேச்சு. அந்த 500 ரூபாயில் ஒரு விவரம் இருக்கிறது. விழுந்த மரம் மட்கினால் காண்டாமிருக வண்டு அதற்குள் முட்டையிடும். பெருகிய வண்டு, பிழைத்து நிற்கும் தென்னையின் குருத்தைக் குடையும். நிவாரணத்தோடு அடுத்த சேதத்தையும் சேர்த்து யோசிப்பது என்றால் இதுதான்.

பணத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. மத்திய, மாநில அரசுகளுக்குள் நிதிப் பங்கீட்டைப் பரிந்துரைக்கும் 15ஆவது நிதிக்குழு, மாநிலப் பேரிடர் நிதியில் 20 சதவீதத்தைத் தணிப்புப் பணிக்கென்றே, அதாவது அடுத்த பேரிடரின் சேதத்தை முன்கூட்டியே குறைக்கும் வேலைக்கென்றே, ஒதுக்கச் சொன்னது. நீங்களும் திரட்டும் நிதியில் ஐந்தில் ஒரு பங்கை அப்படி எடுத்து வைக்கலாமே. வாய்க்கால் தூர்வாரலாம், ஓட்டுக்கூரையை இறுக்கிக் கட்டலாம், கரையில் பனை விதை ஊன்றலாம். தென்னை சாய்ந்த தோப்புகளின் ஓரத்தில் பனை நின்றதை நீங்களே பார்த்தீர்கள். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குத் தண்ணீர் போய்வரும் கால்வாய்களைச் சீர் செய்யவும் கொடுக்கலாம்.

தூர்வாரிய வாய்க்கால் போட்டோவில் எடுப்பாக இருக்காது, தெரியும். நன்கொடை கொடுத்தவர்களுக்கு அரிசிப்பை வாங்கும் பாட்டியின் முகம்தான் வேண்டியிருக்கிறது. அவர்களிடம் இதை எடுத்துச் சொல்ல உங்களைவிட்டால் ஆளில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் மண்வேலை எதுவும் ஓடாது. அதனால் ஆவணியிலேயே ஒருவரை அனுப்பி வையுங்கள். எந்த மதகு அடைத்திருக்கிறது, எந்த மேடு கரைந்திருக்கிறது என்று கூடவே வந்து காட்டுகிறேன். சாப்பாடு நம் வீட்டில்.

இப்படிக்கு,
வேதாரண்யம் பகுதி விவசாயி ஒருவர்