1991ஆம் ஆண்டு ரசீது குறித்து நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். ஏனைய அன்பர்களுக்கு எங்கள் வணக்கம்.

கடந்த பத்து நாட்களாகக் கீழக்கரையிலும் ஏர்வாடி, பெரியபட்டினம் பக்கங்களிலும் ஒரு படம் கைப்பேசிக்குக் கைப்பேசி சுற்றி வருவதைப் பார்த்திருப்பீர்கள். 1991 ஜூன் 29 அன்று நம் நாணய மாற்றுக் கடையில் 500 அமீரக (துபாய்) திர்ஹம் மாற்றியவருக்கு என் வாப்பா (தந்தை) கைப்பட எழுதிக் கொடுத்த ரசீது அது. ஒரு திர்ஹத்துக்கு 5 ரூபாய் 70 காசு வீதம் 2,850 ரூபாய் என்று அதில் இருக்கிறது. ரசீதுக்குப் பக்கத்திலேயே, அந்த ஆண்டில் ஒரு திர்ஹத்தின் விலை 6 ரூபாய் 19 காசு என்று இணையத்தில் எடுத்த ஒரு கணக்கையும் ஒட்டி, 245 ரூபாயை அமுக்கிவிட்டார்கள் என்றும் இது இவர்களுக்குப் பரம்பரைத் தொழில் என்றும் எழுதியிருக்கிறார்கள். என்னைப் பற்றி எழுதியிருந்தால் சும்மா இருந்திருப்பேன். மௌத்தாகி (காலமாகி) பன்னிரண்டு ஆண்டுகள் ஆன மனிதர் வந்து பதில் சொல்ல முடியாது என்பதால் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த 6 ரூபாய் 19 காசு ஒரு நாளின் விலை அல்ல. ஓர் ஆண்டின் சராசரி. தடைக்காலத்து நண்டு விலையையும் தடை நீங்கிப் படகுகள் கரை சேர்ந்த பிறகு விற்கும் விலையையும் கூட்டி வகுத்து, அந்த விலைக்குத்தான் நேற்று விற்றிருக்க வேண்டும் என்று மீன்காரரிடம் சண்டைக்குப் போனால் எப்படியிருக்கும்? 1991ஆம் ஆண்டை அப்படிச் சராசரி பார்க்கவே கூடாது. ஜனவரியில் டாலர் 18 ரூபாய் சொச்சம். ஜூன் கடைசியில் 21 ரூபாய் சொச்சம். வெளிநாட்டுக் கடனையும் இறக்குமதியையும் தாங்க முடியாமல் அரசின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு வற்றி, தங்கத்தையே வெளிநாட்டுக்கு அனுப்பிப் பணம் திரட்டிய நேரம் அது. ஜூன் 21 அன்று பதவியேற்ற நரசிம்ம ராவ் அரசு, ஜூலை 1 திங்கட்கிழமை ஒரு முறையும் 3 புதன்கிழமை மறு முறையும் ரூபாயின் மதிப்பை இறக்கியது. புதன்கிழமை டாலர் ஏறத்தாழ 26 ரூபாய்.

திர்ஹத்தின் கணக்கு எளிது. டாலருக்கு 3.67 திர்ஹம் என்பது அப்போதும் அசையவில்லை, 1997இல் 3.6725 என்று முறைப்படி அறிவித்த பின் இன்று வரையிலும் அசையவில்லை. ஆகவே டாலரின் ரூபாய் விலையை 3.67ஆல் வகுத்தால் திர்ஹத்தின் விலை வந்துவிடும். ஜூன் 29 சனிக்கிழமைக்கு அப்படி வகுத்துப் பாருங்கள், 5 ரூபாய் 75 காசை ஒட்டித்தான் வரும். வாப்பா கொடுத்தது 5 ரூபாய் 70 காசு. திர்ஹத்துக்கு ஐந்தாறு காசில்தான் கடை வாடகையும் கணக்குப்பிள்ளையின் சம்பளமும் நடந்தன. அதே 500 திர்ஹத்தைப் புதன்கிழமை வரை வைத்திருந்தால் 3,500 ரூபாய் கிடைத்திருக்கும் என்பது மாற்றியவரின் குடும்பத்தின் வருத்தம். அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் டெல்லியில் முடிவானதைச் சீதக்காதி சாலையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் எப்படி அறிவார்? (சனிக்கிழமை வாங்கிய நோட்டுகள் புதன்கிழமை பெட்டியில் இருந்த வகையில் கடைக்கும் ஏதோ கொஞ்சம் வந்தது; தொழிலில் அப்படியும் நடப்பதுண்டு.)

அடுத்து யாராவது 1992ஆம் ஆண்டு ரசீதைப் படம் பிடிப்பதற்கு முன் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மார்ச் முதல் ஏறக்குறைய ஓராண்டுக் காலம் நாட்டில் டாலருக்கு இரண்டு விலைகள் இருந்தன. உள்ளே வரும் அந்நியப் பணத்தில் நூற்றுக்கு நாற்பது பங்கு அரசு விலைக்கும் அறுபது பங்கு சந்தை விலைக்கும் போகும். 1993 மார்ச்சில்தான் இரண்டும் ஒன்றாயின.

கடைக்கு வருகிறவர்கள் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் சிவப்புப் பத்து ரூபாய் நோட்டைப் பார்த்திருப்பீர்கள். நம் ரிசர்வ் வங்கியே 1959 முதல் வளைகுடாவுக்கென்று தனியாக அச்சிட்ட நோட்டு அது. வரிசை எண் ஆங்கில எழுத்து வரிசையின் கடைசி எழுத்தில் தொடங்கும். அங்கே ஒரு ரூபாய் என்றால் இங்கேயும் ஒரு ரூபாய்தான். 1966 ஜூன் 6 அன்று டாலர் 4 ரூபாய் 76 காசிலிருந்து 7 ரூபாய் 50 காசாக ஆன பிறகு துபாய், அபுதாபி, கத்தார் ஆகியவை நம் ரூபாயைக் கைவிட்டன. திர்ஹம் பிறந்தது 1973இல். சபராளிகளின் (வெளிநாட்டில் பிழைக்கப் போனவர்களின்) வீடுகளில் அந்தக் காலத்து நோட்டுகள் இன்னும் இருக்கலாம். அவற்றை நாங்கள் மாற்றித் தர இயலாது, ஆனால் பார்க்க ஆசை.

ரசீதோடு கடைக்கு வந்த அந்தக் குடும்பத்துத் தம்பியிடம் எங்கள் பையன் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று கேள்விப்பட்டேன். அது எங்கள் தவறு, வருந்துகிறோம். இருபது ஆண்டுகள் கல்லாவில் இருந்த, நாங்கள் காக்கா (அண்ணன்) என்று அழைக்கும் பெரியவர் இருந்திருந்தால் நாற்காலி போட்டு, தேநீர் வாங்கிக் கொடுத்து, பேரேட்டையும் விரித்துக் காட்டியிருப்பார். அவர் மகனோடு இருக்கத் துபாய்க்கே போய்விட்டார். புதிய பையன் இன்னும் பழகவில்லை. அந்தத் தம்பி எப்போது வந்தாலும் 1991ஆம் ஆண்டுப் பேரேட்டை நானே எடுத்து வைக்கிறேன். ஜூன் 29, ஜூலை 1, ஜூலை 3 ஆகிய மூன்று தினங்களின் பக்கங்களையும் அவர் படம் பிடித்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் அனுப்பவும் செய்யலாம்.

இந்தப் படம் சுற்றத் தொடங்கிய மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்பே திருப்புல்லாணியிலிருந்து ஒரு பெரியவர் வந்து, மாற்ற வேண்டிய அவசரம் எதுவும் இல்லாமலே நூறு திர்ஹத்தை நீட்டி, எண்ணிப் பார்க்காமல் பணத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார். அவருக்கும், அவரைப் போலவே வழக்கம்போல் வந்து போய்க்கொண்டிருக்கும் உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி.

நோட்டுகளை மதுரைக்குக் கொண்டு சேர்க்கும் செலவு கூடியுள்ளதை முன்னிட்டு வரும் மாதம் முதல் தேதியிலிருந்து திர்ஹத்துக்குப் பத்துக் காசு கூடுதலாகப் பிடிக்கப்படும். லுஹர் (நண்பகல்) தொழுகை முதல் அஸர் (பிற்பகல்) தொழுகை வரை கடை அடைத்திருக்கும்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்,
கீழக்கரை.