டொரொண்டோவில் இருக்கும் சிவாவுக்கு

சென்னை

அன்புள்ள சிவா,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. இங்கே எல்லோரும் நலம். மகள் வக்கீலாகப் பதிவு செய்துவிட்டாள். சைதாப்பேட்டை கோர்ட்டில் ஒரு சீனியரிடம் சேர்ந்திருக்கிறாள்.

நீ கோபமாகக் கேட்டிருந்ததைப் பலமுறை படித்தேன். முள்ளிவாய்க்காலில் அண்ணனைப் பறிகொடுத்தவன் நீ. "அதைச் செய்தவர்கள் என்றாவது ஹேக் நகரத்துச் சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் கூண்டில் ஏறினால், அவர்களுக்கு எதற்கு இலவச வக்கீலும் மொழிபெயர்ப்பாளரும்?" என்கிறாய். உனக்காகவே அவை வேண்டும் என்பேன்.

காங்கோவின் ஆயுதக் குழுத் தலைவர் லுபாங்காவின் வழக்கைப் பார். அங்கே பதினைந்து வயது நிரம்பாத பிள்ளைகளைப் போருக்கு இழுத்த குற்றச்சாட்டு. அந்த நீதிமன்றத்தின் முதல் விசாரணை அது. 2008 ஜூனில் தொடங்க வேண்டியது, நீதிபதிகளே நிறுத்திவிட்டார்கள். அவருக்குச் சாதகமாக இருக்கக்கூடிய ஆவணங்கள் வழக்குத் தொடுத்த தரப்பின் கையில் இருந்தன. ரகசியமாக வைப்பதாகச் சொல்லி ஐ.நா.விடமிருந்தும் மற்றவர்களிடமிருந்தும் வாங்கியவை. எதிர்த்தரப்புக்கும் காட்டவில்லை, நீதிபதிகளுக்கும் காட்டவில்லை. அவரை விடுவிக்கவும் உத்தரவானது; மேல்முறையீட்டில்தான் அதைத் தடுத்தார்கள். அந்தத் தாய்மார்களுக்கு எப்படி இருந்திருக்கும், நினைத்துப் பார். ஆனால் ஆவணங்கள் வெளியே வந்தன, 2009 ஜனவரியில் விசாரணை தொடங்கியது, 2012-ல் குற்றவாளி என்று தீர்ப்பாகி 14 ஆண்டு தண்டனையும் கிடைத்தது. காகிதத்தை ஒளித்து வாங்கிய தீர்ப்பாக இருந்திருந்தால் இன்றைக்கும் அதை ஜோடித்த வழக்கு என்றுதான் சொல்லியிருப்பார்கள். கொழும்பில் அப்படிச் சொல்ல எத்தனை பேர் தயாராக இருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியாதா?

இதில் எனக்கு ஆறாத வேதனையும் உண்டு. ருவாண்டாவில் போக்குவரத்து அமைச்சராக இருந்த நிதகெருராவை, அங்கே நடந்த இனப்படுகொலையை விசாரிக்க ஐ.நா. தான்சானியாவின் அரூஷா நகரில் அமைத்த தீர்ப்பாயம் 2004-ல் விடுதலை செய்தது, 2006-ல் மேல்முறையீட்டிலும் அது உறுதியானது. அப்புறம்? ஏற்றுக்கொள்ள ஒரு நாடும் முன்வரவில்லை. ஆண்டுக்கணக்கில் அரூஷாவிலேயே கிடந்தார். 2021 கடைசியில் அவரையும் வேறு சிலரையும் நைஜருக்கு அனுப்பினார்கள். கொஞ்ச நாளிலேயே அந்த அரசும் வெளியேறச் சொல்லிவிட்டது. நிரபராதி என்று சொன்னபிறகும் போக இடமில்லை என்றால் அது என்ன விடுதலை? இங்கே ஜாமீன் உத்தரவு கையில் இருந்தும், ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே இருப்பவர்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஹேக் நீதிமன்றத்தை உருவாக்கிய ஒப்பந்தமான ரோம் சட்டத்தில் இலங்கையும் இந்தியாவும் சேரவில்லை. இலங்கையே ஒப்புக்கொண்டாலொழிய, சூடானின் டார்ஃபுர், லிபியா விஷயத்தில் செய்ததுபோல ஐ.நா. பாதுகாப்பு சபை அனுப்பினால்தான் 2009 முள்ளிவாய்க்கால் விவகாரம் அந்த நீதிமன்றத்துக்குப் போகும். இன்றைய நிலையில் எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

ஆனால் ஆதாரம் சேர்ப்பது நிற்கவில்லை. 2021 மார்ச்சில் மனித உரிமைப் பேரவை போட்ட தீர்மானத்தின்படி ஐ.நா. மனித உரிமை அலுவலகம் அதைச் சேகரித்துப் பாதுகாக்கிறது. நீயும் உனக்குத் தெரிந்ததை எழுதி வை. நீயே கண்டது வேறு, அண்ணி சொன்னது வேறு, இரண்டையும் கலக்காதே. தேதி நிச்சயமில்லையென்றால் அப்படியே எழுது. அண்ணனின் போட்டோக்களில் எதையும் வெட்டவோ திருத்தவோ செய்யாதே, ஒரிஜினலைப் பத்திரமாக வை. ஒரு நல்ல வக்கீல் உன்னைக் குறுக்கு விசாரணை செய்தாலும் அது நிற்க வேண்டும்.

எழுதியதும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு, நானும் மகளும் உட்கார்ந்து பார்க்கிறோம். தை மாதம் வருவதாகச் சொன்னாயே, டிக்கெட் போட்டுவிட்டாயா?

அன்புடன்,
செல்வம்