வெனீர் என்று சொல்லிவிட்டுப் பல்லுக்கு கேப் போட்டது ஏன்?

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். உங்கள் கிளை ஒன்றில் மேல் முன்பற்கள் இரண்டுக்கும் சிகிச்சை எடுத்துக்கொண்டவன் நான். மூன்று முறை போன் செய்துவிட்டேன். மூன்று முறையும் "டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறோம்" என்றார்கள், யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். நீளமாக இருந்தாலும் முழுசாகப் படியுங்கள்.

என் மகளைத் தூக்கும்போது அவள் தலை வந்து என் முன்பல்லில் இடித்துவிட்டது. பல்லின் ஓரத்தில் முனை உடைந்தது, அரை அரிசி அளவுதான் இருக்கும். வலி இல்லை, கூச்சம் இல்லை, பல் ஆடவும் இல்லை. எக்ஸ்ரே பார்த்துவிட்டு வேர் நன்றாக இருக்கிறது என்று உங்கள் டாக்டரே சொன்னார். சிரித்தால் தெரிகிறதே என்ற ஒரே காரணத்துக்காக வந்தேன்.

உடைந்த பல்லை மட்டும் சரிசெய்தால் பக்கத்துப் பல்லோடு பொருந்தாது, இரண்டுக்கும் வெனீர் போட்டுவிடலாம், மெல்லிய ஓடு மாதிரி இருக்கும், பல்லின் முன்பக்கத்தில் மட்டும் ஒட்டுவோம் என்று உங்கள் ஆலோசகர் திரையில் படம் போட்டுக் காட்டினார். நான் சரி என்றது அதற்குத்தான். கையெழுத்து வாங்கிய தாளிலும் "வெனீர், 2 பற்கள்" என்றுதான் இருக்கிறது. என்னிடம் இருக்கும் நகலை இணைத்திருக்கிறேன்.

ஊசி போட்டு மரத்துப்போன பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் அராவினார்கள். மெல்லிய ஓடு ஒட்ட இவ்வளவு நேரமா என்று தோன்றியது, ஆனால் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன கேட்க முடியும்? அளவு எடுத்து, தற்காலிகமாக ஏதோ வைத்து அனுப்பிவிட்டார்கள். அது என்ன என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் ராத்திரி பல் தேய்க்கும்போது அதில் ஒன்று கழன்று வாஷ்பேசினில் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். ஓடு இல்லை, உள்ளே குழிவாக, ஒரு தொப்பி மாதிரி இருந்தது. நாக்கை வைத்துத் தடவினால் பல்லின் பின்பக்கமும் இல்லை. கண்ணாடியில் பார்த்தேன், பல் இருந்த இடத்தில் பென்சில் முனை மாதிரி ஒரு குச்சி நின்றது, மஞ்சளாக, நாலு பக்கமும் சீவப்பட்டு. மூச்சை உள்ளே இழுத்தால்கூடச் சுரீர் என்றது. என் மனைவி பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு நான் தூங்கவில்லை.

மறுநாள் உங்கள் கிளைக்குப் போனபோது அதைத் திரும்ப ஒட்டிக்கொடுத்துவிட்டு, "உங்கள் பல்லுக்கு கேப்தான் பலம்" என்றார்கள். கேப் என்றால் பல் முழுவதையும் மூடும் உறை. இது எப்போது முடிவானது? யாரிடம் கேட்டு முடிவு செய்தீர்கள்? ஊசி போடுவதற்கு முன்னால் "வெனீர் வேண்டாம், கேப் போடப்போகிறோம்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் நான் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பேன்.

அப்புறம் வேறொரு பல் மருத்துவரிடம் போய்க் கேட்டேன். அவர் உங்களைப் பற்றி எதுவும் குறை சொல்லவில்லை, வித்தியாசத்தை மட்டும் விளக்கினார். வெனீருக்கு முன்பக்கத்தில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் அராவினால் போதும். கேப் என்றால் பல்லைச் சுற்றி எல்லாப் பக்கமும் எடுக்கவேண்டும், இடத்துக்கு இடம் 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை. முன்பற்களை வைத்து 2002இல் வெளியான ஓர் ஆய்வையும் தேடிப் படித்தேன். கேப் போடத் தயார்செய்யும்போது வெளியே தெரியும் பல்லில் 63 முதல் 72 சதவீதம் வரை போய்விடுகிறது, வெனீருக்கு அது 3 முதல் 30 சதவீதம்தான். பல்லின் மேல் இருக்கும் கடினமான எனாமல் திரும்ப வளராது, அதை உருவாக்கும் செல்கள் பல் முளைத்ததோடு போய்விடுகின்றன. இனி இந்த இரண்டு பல்லும் ஆயுசு முழுக்கக் கேப்போடுதான் இருக்கவேண்டும், அந்தக் கேப்பையும் தேயும்போதோ விரிசல் விடும்போதோ மாற்றவேண்டும். உள்ளே இருக்கும் நரம்பு பாதிக்கப்பட்டால் ரூட் கெனாலும் சேரும். அரை அரிசி உடைசலுக்காக வந்தவனுக்கு இது நடந்திருக்கிறது.

உண்மையில் என் பல்லுக்கு என்ன போதும் என்றும் கேட்டேன். பல் நிறத்தில் இருக்கும் காம்போசிட் என்ற பிசின் கலவையை வைத்து, நீல விளக்கு காட்டி இறுக வைத்து, பாலிஷ் போட்டால் ஒரே தடவையில் முடிந்திருக்கும், பல்லை அராவவே தேவைப்பட்டிருக்காது என்றார். காம்போசிட் கறை பிடிக்கும், சில வருஷத்தில் ஓரம் பெயரலாம் என்பதையும் அவரே சொன்னார். பெயர்ந்தால் திரும்ப வைத்துக்கொள்ளலாமே, பல் மிச்சம் இருக்குமே. உங்கள் ஆலோசகர் இந்த வழியை வாயால்கூடச் சொல்லவில்லை. எனக்குக் கோபம் இதில்தான், மற்றதெல்லாம் அப்புறம்.

பிறகு நிரந்தரமாகப் போட்ட கேப்புகளின் நிறமும் சரியில்லை. பக்கத்துப் பற்களைவிட இரண்டு கேப்பும் பளீரென்று தனியாகத் தெரிகின்றன. நிற அட்டையை நீங்கள் பல்லோரம் பிடித்துப் பார்த்தது அராவி முடித்த பிறகு. அவ்வளவு நேரம் வாய் திறந்திருந்தால் பல் காய்ந்து, இருக்கும் நிறத்தைவிட வெளுப்பாகத் தெரியும், அதனால் நிறத்தை வேலை தொடங்கும் முன்பே பார்க்கவேண்டுமாம். இதைச் சொன்னபோது, மற்றப் பற்களை பிளீச் செய்து கேப்புக்குச் சமமாக்கலாம், அதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள். பிளீச் செய்தால் சொந்தப் பல்தான் வெளுக்கும், கேப்பும் காம்போசிட்டும் மாறாது. வெளுப்பாக்குவதென்றால் முதலில் அதைச் செய்து, நிறம் நிலைக்க இரண்டு வாரமாவது விட்டு, அப்புறம்தான் கேப்புக்கு நிறம் தேர்ந்தெடுப்பார்கள். உங்கள் தவறை மறைக்க நல்லபடியாக இருக்கும் மற்றப் பற்களில் நான் கைவைக்க விடமாட்டேன்.

இடது பக்கக் கேப் கடிக்கும்போது முதலில் தட்டுகிறது, காலையில் எழுந்தால் பல் நோகிறது. நீலத் தாளைக் கடிக்க வைத்து ஒரு தடவை பார்த்தீர்கள், அதோடு சரி.

எனக்கு வேண்டியதைச் சொல்கிறேன். என் முழு கோப்பும் வேண்டும்: அராவுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே, புகைப்படங்கள், டாக்டர் எழுதிய குறிப்பு, லேபுக்கு அனுப்பிய சீட்டு. கேப் ஜிர்கோனியா என்ற பீங்கான் வகையா வேறு பொருளா என்பதுகூட இன்றுவரை எனக்குத் தெரியாது, பின்னால் எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். வெனீர் எப்படிக் கேப் ஆனது என்பதற்கு ஆலோசகர் அல்ல, சிகிச்சை செய்த டாக்டர் கையெழுத்தோடு பதில் எழுதவேண்டும். கட்டிய பணம் முழுவதும் திரும்ப வேண்டும், இந்தக் கேப்புகளை வேறு இடத்தில் மாற்றும் செலவையும் நீங்கள் ஏற்கவேண்டும். இலவசமாக நீங்களே மாற்றித் தருகிறோம் என்று சொல்லாதீர்கள், அந்த நாற்காலியில் நான் இனி உட்கார மாட்டேன்.

15 நாளில் எழுத்தில் பதில் வரவேண்டும். வராவிட்டால் இந்தக் கடிதமும் கையெழுத்துத் தாளின் நகலும் பல் மருத்துவக் கவுன்சிலுக்கும் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கும் போகும். கழன்று விழுந்த அந்தத் தற்காலிகக் கேப்பை ஒட்டித் தருவதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், கண்ணாடி முன் எடுத்த பல்லின் படமும் தேதியோடு இருக்கிறது. இரண்டையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்களிடம் வெனீருக்குக் கையெழுத்துப் போட்டவன்