27 ஸ்பேஸ்: பொங்கல் மலர்க் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நம் சங்கத்துப் பொங்கல் மலருக்கு எழுதுகிறவர்களுக்கும், எழுதியதை வாங்கி எனக்கு அனுப்பிவைக்கும் மலர்க் குழுவினருக்கும் வணக்கம்.

மும்பை செம்பூரில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் ஆறு வருடமாக மலரின் அலுவலகம். இந்த முறை வந்தவை 34 ஃபைல். முதலில் தலைவர் ஐயாவின் வாழ்த்துரையைத் திறந்தேன். தலைப்பு 18 அளவில், போல்டில். துணைத்தலைப்பு ஒன்று 16, அடுத்தது 15.5. தலைப்பை நடுவில் நிறுத்த 27 முறை ஸ்பேஸ் தட்டியிருக்கிறார், எண்ணிப் பார்த்தேன். ஏ4 பக்கத்தை மலரின் சிறிய புத்தக அளவான டெமிக்குச் சுருக்கியதும் அந்த 27 ஸ்பேஸும் தலைப்பைப் பிடித்துத் தள்ளி, பாதியைக் கீழ்வரியில் கொண்டுபோய்ப் போட்டன.

நம் கண்ணுக்குத் தலைப்பாகத் தெரிவது வேர்டுக்கு வெறும் பெரிய எழுத்துதான். அதனால் பொருளடக்கம் போடச் சொன்னால் தலைப்பே இல்லை என்று கைவிரிக்கிறது. போன வருடம் நானே உட்கார்ந்து பக்க எண்களைத் தட்டினேன். கடைசி இரவில் ஒரு விளம்பரம் வந்து நுழைந்தது. 61 என்று போட்ட கவிதை 62க்குப் போய்விட்டது. கவிஞர் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இதற்கு வழி ஸ்டைல், அதாவது அளவு, நிறம், இடைவெளி எல்லாவற்றையும் ஒரே பெயரில் சேர்த்து வைத்த அமைப்பு. கர்சரைத் தலைப்பில் வைத்து ‘ஹெடிங் 1’ ஸ்டைலைக் கொடுங்கள். வேர்டில் கண்ட்ரோல், ஆல்ட், 1. வேர்டு போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸில் கண்ட்ரோல், 1. அது தரும் நிறம் பிடிக்கவில்லை என்றால் ஸ்டைல் பெயரில் ரைட் கிளிக் செய்து ‘மாடிஃபை’க்குள் போய் மாற்றுங்கள். ஓரிடத்தில் மாற்றினால் அந்த ஃபைலில் அதே ஸ்டைலில் உள்ள எல்லாத் தலைப்பும் மாறும். பத்திக்கு நடுவே இடைவெளியும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம், இரண்டு என்டர் வேண்டாம்.

தமிழுக்கு மட்டும் ஒரு வில்லங்கம் உண்டு. ஒருமுறை ஸ்டைலில் அளவை 20 ஆக்கினேன். தலைப்பில் இருந்த ஒரே ஆங்கிலச் சொல் ஊதிப் பெருத்தது, தமிழ் அசையவே இல்லை. அரை மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது. ஒவ்வொரு ஸ்டைலிலும் எழுத்துருவும் அளவும் போல்டும் இரண்டு இரண்டாக இருக்கின்றன: லத்தீன் எழுத்துக்கு ஒன்று, ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்’ என்ற பெயரில் தமிழ், இந்தி, அரபி வகையறாவுக்கு இன்னொன்று. ‘மாடிஃபை’யில் ‘ஃபார்மட்’, ‘ஃபாண்ட்’ என்று போய் இரண்டாவதைத்தான் நாம் மாற்ற வேண்டும். லிப்ரே ஆபீஸில் அதன் பெயர் சிடிஎல் (காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்).

ஏற்கெனவே கையால் பூசிய அளவும் போல்டும் ஸ்டைலை மதிக்காது. பத்தியைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல், ஸ்பேஸ் அழுத்தினால் பூச்சு உதிரும்; லிப்ரே ஆபீஸில் கண்ட்ரோல், எம். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்கே தமிழ் வடிவம் போர்த்திய பழைய எழுத்துரு. அதில் அடித்து வந்த ஒரு கட்டுரையில் யோசிக்காமல் இதைச் செய்துவிட்டேன். எழுத்துருவும் சேர்ந்தே உதிர்ந்து, ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஆங்கிலத்தில் பல்லிளித்தது. மலரை அச்சடிக்கும் வடாலா அச்சகத்தில் மெஷின் ஓட்டுபவருக்குத் தமிழ் தெரியாது. நான் கவனிக்காமல் விட்டிருந்தால் அப்படியே அச்சாகியிருக்கும். தமிழ் எழுத்துகளுக்குத் தனிக் குறியீடு தரும் யூனிகோடைத் தமிழ்நாடு அரசே 2010இல் தரமாக ஏற்றுவிட்டது, நாமும் பாமினியை விட்டுவிடலாம்.

குழுவினரிடம் இரண்டு கோரிக்கை. நான்கே ஸ்டைல் வைத்து ஒரு மாதிரி ஃபைல் செய்திருக்கிறேன்: ஹெடிங் 1, ஹெடிங் 2, நார்மல், கவிதை. கவிதையில் அடி முடிந்தால் ஷிஃப்ட், என்டர். கண்ணி முடிந்தால்தான் வெறும் என்டர். அடுத்த வருடம் கட்டுரை கேட்கும்போதே இந்த ஃபைலையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று, ஸ்பேஸ் தட்டி நடுவில் நிறுத்திய தலைப்போடு வரும் ஃபைலைத் திருப்பியனுப்பும் உரிமை எனக்கு வேண்டும். அடுத்த கூட்டத்தில் தீர்மானமாகவே போட்டுவிடுங்கள். தலைவர் ஐயாவின் வாழ்த்துரைக்கும் சேர்த்துத்தான்.

இப்படிக்கு,
மலர் கோப்பவன், செம்பூர்