ஒக்ரோபர் 30 இல் நடப்போம்: யாழ்ப்பாணத்துச் சமயப் பெரியோருக்கு ஒரு திறந்த மடல்

குருக்கள்மார், சுவாமிமார், போதகர்மார், மௌலவிமார், பிக்குமார், கோயில் தர்மகர்த்தாக்கள் அனைவருக்கும் வணக்கம்.

பூமியைச் சூடாக்கியவர்களே அதன் சேதத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற காலநிலை நீதி கேட்டு எல்லாச் சமயத்தவரும் ஒன்றாக நடக்க வேண்டும் என்று உங்களைக் கேட்கவே எழுதுகிறேன். பதாகை பிடித்து, அரை மணி நேரம் நடந்து, படம் எடுத்துவிட்டுக் கலைகிற நடையைக் கேட்கவில்லை. அதில் மிஞ்சப்போவது வீதியோரத்தில் கிடக்கும் தண்ணீர்ப் போத்தல்கள்தான்.

நடை எங்களுக்குப் புதிதல்ல. செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் தொடங்கி, கிழக்குக் கரை வழியே கதிர்காமம் வரை பாதயாத்திரை போகிற மண் இது. நானும் ஒருமுறை போனேன். கச்சான் காற்று முகத்தைச் சுட்ட ஒரு மத்தியானம், அக்கரைப்பற்றில் ஒரு முஸ்லிம் அம்மா செம்பில் தண்ணீர் தந்து, "குந்திக் குடிங்க தம்பி, நிண்டு குடிச்சா நெஞ்சடைக்கும்" என்றார். பல் சமய உறவு பற்றி மேடைகளில் நிறையக் கேட்டிருக்கிறேன். மனதில் நின்றது அந்தச் செம்புதான்.

2013 இல் ஹையான் சூறாவளி பிலிப்பைன்ஸைச் சிதைத்தபோது அந்நாட்டுக்காகப் பேச்சுவார்த்தை நடத்திய யெப் சான்யோ வார்சோ காலநிலை மாநாட்டில் உண்ணாமல் இருந்தார். இரண்டு ஆண்டுகளின் பின் அவரும் சிலரும் ரோமிலிருந்து பாரிஸ் மாநாட்டுக்கு ஏறத்தாழ 1,500 கிலோமீற்றர் நடந்தே போனார்கள். அந்த நவம்பரில் பாரிஸில் பயங்கரவாதத் தாக்குதல் நடந்ததால் பேரணிக்குத் தடை வந்தது. நடக்க முடியாத மக்கள் தங்களுக்குப் பதிலாக ஒரு சதுக்கத்தில் ஆயிரக்கணக்கான சப்பாத்துகளை வரிசையாக வைத்தார்கள். போப் பிரான்சிஸும் ஒரு சோடி அனுப்பியிருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றி வைத்தே பழகிய எங்களுக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை.

எங்கள் கணக்கும் எளிது. இலங்கையில் ஆளொருவர் ஆண்டுக்கு வெளியிடும் கரியமிலவாயு ஒரு தொன் அளவுதான். அமெரிக்காவில் அது பத்து மடங்குக்கும் மேல். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நாட்டில் அறுநூறுக்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுபோனது. 2022 இல் கடன் கட்ட முடியாமல் கைவிரித்த நாடு, பிறர் சூடாக்கிய கடலின் சேதத்தைத் திருத்த மறுபடி கடன் வாங்குவதா? காலநிலை மாற்றத்தின் இழப்புக்கும் சேதத்துக்குமான நிதியத்தை உலக நாடுகள் அதே 2022 இல் ஒப்புக்கொண்டன. அதில் எங்களுக்குரியதைக் கடனாக அல்லாமல் கேட்க வேண்டும். (ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து தேருக்கும் கோபுரத்துக்கும் காசு அனுப்பும் எங்கள் உறவுகள் இந்தக் கணக்கின் மறுபக்கத்தில் நிற்கிறார்கள். அவர்களிடமும் கேட்போம்.)

நாள் ஒக்ரோபர் 30 ஆக இருக்கட்டும்.

1990 இல் அந்த நாளில்தான் யாழ் நகர முஸ்லிம்களைப் புலிகள் இரண்டு மணிநேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995 இல், அதே தேதியில் போருக்கு அஞ்சி, யாழ் நகரைச் சூழ்ந்த வலிகாமமே இடம்பெயர்ந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. நாவற்குழிப் பாலத்தைக் கடக்க விடிந்துவிட்டது. மழை. அம்மா குடையைத் தலைகீழாகப் பிடித்து, சேர்ந்த தண்ணீரை எங்களுக்குப் பருக்கினார். கடல் ஏறி ஊரைவிட்டுக் கிளம்பப்போகிறவர்களைப் பற்றி உலகம் பேசும்போதெல்லாம் எனக்கு அந்தக் குடைதான் ஞாபகம் வரும்.

ஆகவே முஸ்லிம் வட்டாரத்துப் பள்ளிவாசலில் தொடங்குவோம். அங்கிருந்து கத்தோலிக்கரின் பெரிய கோயில், ஆரியகுளத்தருகே நாக விகாரை, நல்லூர். மனிதப் புதைகுழிகள் கிடந்த செம்மணியில் யாரும் பேசவேண்டாம். நாவற்குழிப் பாலத்தில் முடிப்போம்.

அதற்கு முன் உங்களிடம் ஒரு வேலை இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கு வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் இறங்கும் மாரி மழைதான் எங்கள் கிணறு. அந்த நன்னீர் உப்புநீருக்கு மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. மேலே ஊறுவது குறைந்து, மோட்டர் போட்டு இழுப்பது கூடினால், கீழிருந்து உவர் ஏறும். இதை அறிந்துதான் முன்னோர் கோயிலுக்குக் கேணியும், வழிப்போக்கருக்கு மடமும் சுமைதாங்கியும், மாட்டுக்கு உடம்பு உரச ஆவுரஞ்சிக் கல்லும் தண்ணீர்த் தொட்டியும் வைத்தார்கள். பருத்தித்துறைத் தெருமூடிமடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நாங்களோ கோயில் வீதிக்குக் கல் பதித்தோம், தேவாலய முற்றத்துக்குக் கொங்கிறீற் போட்டோம், பள்ளிவாசல் வளவையும் விடவில்லை. ஒரு சொட்டும் மண்ணுக்குள் இறங்காமல் வாய்க்காலால் கடலுக்குப் போகிறது.

புரட்டாதி முடியுமுன் உங்கள் கேணிகளைத் தூர்வாருங்கள். தேர் ஓடும் தடம் தவிர்ந்த இடத்திலாவது கொங்கிறீற்றை உடையுங்கள். உள்ளே விடத் தயங்கிய சாதிக்காரருக்கும் அந்தக் கேணியில் அள்ளிக் குடிக்க இடம் கொடுங்கள். வழியெங்கும் தாகசாந்திக்கு அந்தத் தண்ணீரே போதும். ஆளுக்கொரு செம்பு கொண்டு வருவோம்.

நடையின் முன்வரிசையில் நீங்கள் வரவேண்டாம். நெடுந்தீவிலும் புங்குடுதீவிலும் தண்ணீர் பவுசர் வண்டி வரும்வரை குடத்தோடு காத்து நிற்கும் பெண்கள் வரட்டும். நீங்கள் அவர்களுக்குப் பின்னால் வாருங்கள். மழை வந்தால் குடையை நிமிர்த்திப் பிடிக்கத் தேவையில்லை.

வலிகாமத்திலிருந்து,
1995 இல் நடந்த ஒருவன்